"நட!" என்று கத்திய தாய்

மைதானத்தில் நின்ற எல்லோரும் அந்தத் தாயைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கு நிதி சேர்க்கும் ஓட்டத்தில் இப்படியா கத்துவது, பிள்ளை பாவம் இல்லையா என்று என் பக்கத்தில் நின்ற அப்பாமார் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அன்றைய போட்டி எப்படிப்பட்டது என்று விளங்கி வந்தவர் அவர் ஒருவர்தான்.

சுற்றுக் கணக்கையும் சேர்ந்த தொகையையும் விட்டுவிடுகிறேன். இரண்டாம் சுற்றின் மேல் வளைவில், மடித்த குடையை உயர்த்திக்கொண்டு அவர் போட்ட சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"மகள், நட! இப்ப நட!"

சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. சொல் யார் காதிலும் விழவில்லை.

நம் பெற்றோர் குரல் கொடுக்கப் பழகியது இல்ல விளையாட்டுப் போட்டியில். அங்கே நூறு மீட்டர், இருநூறு மீட்டர், வெடி கேட்டதும் "விடாத, முந்து!" என்றால் போதும். அதே தொண்டையோடு இங்கேயும் வந்து நிற்கிறார்கள். இங்கோ மாமாவும் சித்தியும் பக்கத்துக் கடைக்காரரும் அட்டையில் எழுதிக் கொடுத்திருப்பது சுற்றுக்கு இவ்வளவு என்று. முதலாவதாக வருபவருக்கு அதில் ஒரு ரூபாயும் கூடாது. கடைசிச் சுற்றுவரை காலில் நிற்கும் பிள்ளைதான் பள்ளிக்குக் காசு கொண்டுவருகிறது. அப்படியானால் உண்மையில் வெல்லப் பார்த்தவர் யார்? முதல் சுற்றிலேயே மகனை விரட்டி, மூன்றாம் சுற்றில் அவனைப் புல்லில் உட்காரவைத்துத் தோடம்பழச் சுளை கொடுத்த தகப்பனா, இந்தத் தாயா?

அவர் நின்ற இடத்தையும் கவனியுங்கள். கண்டிப் பள்ளி மைதானங்கள் பல, சரிவை வெட்டிச் சமன் செய்தவை. எவ்வளவு சமன் செய்தாலும் ஒரு பக்கம் மெல்ல ஏறும். நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அந்த உயரம் மூச்சை வாங்காது. இந்தச் சின்ன ஏற்றம் வாங்கும். மற்றவர்கள் நிழலுக்காகக் கூடாரத்தடியில் கூடியிருக்க, இவர் ஏற்றம் தொடங்கும் இடத்தில் வெயிலில் நின்றார். ஏற்றத்தில் நட, இறக்கத்தில் ஓடு. நீண்ட மலை ஓட்டங்களில் தேர்ந்தவர்களும் செய்வது இதைத்தான்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நெடுந்தூரத்தையும் பாய்ச்சலோடு தொடங்கிப் பிறகு தளர்ந்துபோவது ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கும் இயல்பு. தொடக்கத்தில் அடக்கி, நடுவில் சீராக ஓடி, மிச்சத்தைக் கடைசியில் கொட்டும் புத்தி வளர வளரத்தான் வரும். அதுவரை அந்தப் புத்தியை வெளியிலிருந்து யாராவது கொடுக்க வேண்டும். இன்னொரு பக்கமும் உண்டு: கடுமையாக ஓடிய பின் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாக மீண்டுவிடுவார்கள். நாற்பது அடி நடந்ததுமே அந்தச் சிறுமியின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். நடப்பதைத் தோல்வி என்று எண்ணும் பெற்றோர் இந்த வரத்தை வீணாக்குகிறார்கள். எனக்கு ஆத்திரமே வருகிறது.

நிதிக்காக நடப்பதென்றால் என்னவென்று இந்த நாடு முன்பே பார்த்திருக்கிறது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்களில் 670 கிலோமீட்டர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் திரட்டினார்கள். அங்கே யாரும் யாரையும் முந்தவில்லை. மறுநாள் விடியலில் எழும்பி மறுபடி நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அந்தத் தாயிடம் ஒரு பிழையும் கண்டேன். ஐந்தாம் சுற்றில் பக்கத்து வகுப்புப் பிள்ளையைக் கைகாட்டி, "அவள விடாத!" என்றார். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் நிற்கிறது. சுற்றோடு போட்டி போடச் சொல்லிவந்தவர் அந்த ஒரு கணம் ஆளோடு போட்டி போடச் சொல்லிவிட்டார். அது கூடாது. ஆனால் அந்த ஒரு வாய்ச்சொல்லுக்காக அவருடைய முழுத் திட்டத்தையும் வெறி என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த வருடம் மேல் வளைவில் மூன்று நான்கு குடைகளாவது தெரியும். சுற்றுக்கு இவ்வளவு என்று தாராளமாக எழுதிய மாமாமார் மொத்தமாக ஒரு தொகை எழுதத் தொடங்குவார்கள். இந்த ஓட்டங்கள் மைதானத்தை விட்டுக் கண்டி வாவிக்கரைக்கும் வரும். 1807இல் அரசன் கட்டுவித்த அந்த வாவியை ஒருமுறை சுற்றினாலே மூன்று கிலோமீட்டருக்கு மேல். முதல் அரைக் கிலோமீட்டரில் பாய்கிறவர்களை அது சும்மா விடாது. முதல் சுற்றில் விரட்டப்படும் பையன்களில் பலர் எட்டாம் வகுப்புக்குள் ஓட்டத்தை விட்டுவிடுவார்கள். அந்தச் சிறுமியோ பதினான்கு வயதில் வலய மட்டத்தில் 1500 மீட்டருக்கு வந்து நிற்பாள். முதல் முந்நூறு மீட்டரில் கடைசி ஆளாக ஓடுவாள், பெவிலியனில் இருப்பவர்கள் அவளைக் கைவிட்டிருப்பார்கள். மணி அடிக்கும்போது அவள் மூன்றாவதாக இருப்பாள்; அதன் பிறகு யாரும் "நட" என்று சொல்லத் தேவையிருக்காது.