அனுமன் திரும்பி வந்தது எதற்காக?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 18 அடி ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அனுமனை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டுதான் மருந்துவாழ் மலை என்று பொற்றையடிப் பக்கம் பால்குடி மறந்த பிள்ளையும் சொல்லும். அதனால் அனுமனை வைத்து இந்தியில் வந்த இரண்டு கார்ட்டூன் படங்களை எடைபோட நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன். போதாததற்கு, இரண்டாவது படத்தைத் தயாரித்ததில் பங்குள்ள டூன்ஸ் நிறுவனம் இருப்பது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

முதல் படம் 'ஹனுமான்', 2005 அக்டோபரில் வந்தது. இயக்கியவர் வி.ஜி. சாமந்த். இந்தியாவிலேயே தயாராகித் திரையரங்கில் ஓடி வெற்றியும் பெற்ற அனிமேஷன் படங்களுக்கு அதுதான் வழி திறந்தது. படமாகப் பார்த்தால் குறைகள் கண்ணை உறுத்தும். பாத்திரங்கள் நடக்கும்போது கால் தரையில் பாவுவதில்லை. பின்னணி ஓவியங்கள் நாள்காட்டிப் படங்களின் வகை. கன்னியாகுமரிப் பாறையில் அலை வந்து அறைவதைப் பார்த்த பிள்ளைக்கு, அந்தப் படத்தின் கடல் விரித்துப் போட்ட நீலத் துணிதான். பிறப்பு, சூரியனைப் பழமென்று பாய்ந்தது, இந்திரனின் வச்சிராயுதம், கடல் தாண்டல், இலங்கை எரிப்பு, சஞ்சீவி மலை என்று கதை அத்தியாயம் அத்தியாயமாக நகர்கிறது. பிற்பாதியில் மூச்சு வாங்க நேரமில்லை.

இருந்தும் அது நிற்கிறது. தாங்குவது ஒரே ஒரு எலும்பு. முனிவர் சாபத்தால் தன் பலம் தனக்கே மறந்துபோன ஒருவன். வேறொருவர் வந்து நினைவூட்டும்வரை அவன் கடற்கரையில் மற்றக் குரங்குகளோடு ஒரு குரங்காக உட்கார்ந்திருக்கிறான். வகுப்பில் கைதூக்கத் தயங்கும் எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்க வேண்டாம். அந்த எலும்பு இயக்குநரின் கண்டுபிடிப்பு இல்லை, ராமாயணம் தந்ததுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எதை உடைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் ஒரு திறமைதான் என்பதற்கு மேல் நான் சாமந்துக்குப் பரிந்து பேச மாட்டேன்.

இரண்டாவது, 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்', 2007 டிசம்பரில் வந்தது. இயக்கம் அனுராக் காஷ்யப். 'பிளாக் ஃப்ரைடே'யும் 'நோ ஸ்மோக்கிங்'கும் திரைக்கு வந்த அதே ஆண்டில் அவர் கையில் குழந்தைப் படம்! தேவலோகத்திலிருந்து பூமியைப் பார்க்கும் அனுமன், முன்னா என்ற எளிய பையன் மற்றவர்களிடம் அல்லல்படுவதைக் காண்கிறான். பிரம்மனிடம் அனுமதி வாங்கி மாருதி என்ற மனிதப் பிள்ளையாக ஒரு கிராமத்து வீட்டில் பிறக்கிறான். தேவலோகமே ஒரு நவீன அலுவலகம் போல இருக்கிறது. வசனத்தில் குறும்பு, வண்ணத்தில் தெளிவு, அசைவில் லாகவம் எல்லாவற்றிலும் முதல் படத்தை இது தாண்டுகிறது. பள்ளிக்கூடத்துக் காட்சிகளில் காஷ்யப் நிஜமாகவே சிரிக்க வைக்கிறார்.

புராணத்துக்குள் இன்றைய நாளை இழுத்து வந்ததற்காக அவரைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் பக்கத்துத் தோல்பாவைக் கூத்து அதைத்தானே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறது? நாகர்கோவில்காரரான நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் விரிவாகப் பதிவு செய்திருக்கும் கலை அது. ஆட்டுத்தோலில் செய்த பாவைகள், பின்னால் விளக்கு, முன்னால் வெள்ளைத்திரை. பாவைகளை ஆட்டுவதும் எல்லாருக்கும் குரல் கொடுப்பதும் ஒரே ஆள். அவர் ராமாயணத்தின் நடுவே உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் இறக்கிவிடுவார். அவர்கள் உள்ளூர்ப் பேச்சில் விலைவாசியைப் பேசுவார்கள், பெரிய மனிதர்களைக் கிண்டலடிப்பார்கள். ஆனால் அனுமனின் பாவையை அந்த வேலைக்கு எடுப்பதில்லை. கேலியைச் சுமக்க ஆள் வேறு, கதையைச் சுமக்க ஆள் வேறு. காஷ்யப் இரண்டு சுமையையும் அந்தச் சின்னப் பிள்ளை தலையிலேயே ஏற்றிவிட்டார்.

அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறொன்று. ஒரு கதைக்குத் தொடர்ச்சி எழுதுகிறவர், பழைய கதை கேட்காத ஒரு கேள்வியை நாயகன் முன் வைக்க வேண்டும். ராமாயணத்துக்கு மக்கள் எழுதிய தொடர்ச்சிகளில் மயில்ராவணன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாளத்தில் சிறைப்பட்ட ராம லட்சுமணரை மீட்கப் போகிற அனுமனை வாசலில் ஒருவன் மறிக்கிறான். சண்டையில் அவனை வெல்ல முடியவில்லை. யாரென்று விசாரித்தால், அனுமனின் வியர்வைத் துளியை விழுங்கிய மீனுக்குப் பிறந்தவன், அனுமனுக்கே மகன்! பிரம்மச்சாரிக்குப் பிள்ளை, பலசாலிக்குச் சமபலம், தந்தைக்கு எதிரே கடமை. இதைக் கட்டியவர் பேர் தெரியாது, ஆனால் இரண்டாம் பாகம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியூர் உதாரணம் வேண்டுமென்றால் 1999இல் வந்த 'டாய் ஸ்டோரி 2'. அதன் முதல் பாகத்தில் புதுப் பொம்மையைக் கண்டு பொறாமைப்பட்ட உடி என்ற பொம்மை, இதில் வேறொரு கேள்விக்கு முன்னால் நிற்கிறான்: வளர்ந்து தன்னை ஒருநாள் மறக்கப்போகும் பையனோடு இருப்பதா, யாரும் தொடாத கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருப்பதா?

மாருதிக்கு அப்படி ஒரு கேள்வி வாய்த்திருந்தது. அடிபடுகிற முன்னாவுக்காக அவனே அடித்துவிட்டால், முன்னா எப்போது நிமிர்வான்? பிறருக்குப் பலத்தை நினைவூட்டுவது இம்முறை அனுமனின் முறையாக இருந்திருக்கலாம். முதல் படம் முடிந்த இடத்திலிருந்து இயல்பாகக் கிளைத்திருக்கும். படம் அந்த வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறது. ராகு கேதுக்களும் அரக்கர்களும் கிளம்ப, முன்னா ஓரத்துக்குப் போய்விடுகிறான். பிறகு வீடியோ கேம் பாணிச் சண்டைகள். தோற்கவே முடியாத பிள்ளை ஒவ்வொருவராக அடித்துப் போடுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது?

எனவே என் கணக்கில் முதல் படமே மேல். ஓவியத்திலும் நகைச்சுவையிலும் இரண்டாவது படம் எடுக்கிற மதிப்பெண்ணை மறுக்கவில்லை. அதன் யோசனைகூட முதல் படத்தில் இருக்கும் எதையும்விடத் துணிச்சலானது. யோசித்ததைக் கடைசிவரை நம்பவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'ஹனுமான்' படத்தை முழுவதும் காட்டுங்கள். மற்றதை, மாருதி பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை.