வன்பொருட் கருவிகளின் பொதியாக்கம்: டெபியன் நடைமுறையின் வலுவும் குறையும்

வன்தட்டு பழுதாகத் தொடங்கிவிட்டதா, நினைவகத்தில் பிழை உண்டா, செயலி எவ்வளவு சூடாகிறது, மின்சாரம் நின்றால் யூபிஎஸ் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு விடை தரும் சிறு நிரல்கள் வன்பொருட் சோதனைக் கருவிகள். விசிறியின் வேகத்தை மாற்றுவது, வன்தட்டை உறங்க வைப்பது, மின்கலம் தீருமுன் கணினியை ஒழுங்காக அணைப்பது போன்றவற்றைச் செய்பவை கட்டுப்பாட்டுக் கருவிகள். கட்டற்ற இயங்குதளங்களில் இவற்றை எழுதியவரிடமிருந்து பயனர் நேரடியாகப் பெறுவது அரிது. இயங்குதளத்தைத் தொகுத்து வழங்கும் குழுவே மூலநிரலை எடுத்து, தொகுத்து, நிறுவத் தயாரான பொதியாக்கி, தன் களஞ்சியத்தில் வைக்கிறது. இயன் மர்டொக் 1993 ஓகஸ்டில் அறிவித்த டெபியன் திட்டம் இந்த நடைமுறையை மிக விரிவாக வளர்த்தெடுத்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. உபுண்டு, லினக்ஸ் மின்ட், இந்தியாவின் பாஸ் ஆகியவை டெபியனை நேராகவோ சுற்றியோ அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே டெபியனில் ஒரு பொதி நன்றாக அமைந்தால் அந்த நன்மையும், குறையோடு அமைந்தால் அந்தக் குறையும் பல இயங்குதளங்களுக்குப் பரவுகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாடு ஏன் நல்ல உரைகல்

இத்தகைய கருவிகளின் பயனை எடைபோட யாழ்ப்பாணக் குடாநாடு பொருத்தமான இடம். போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து நீண்ட காலம் துண்டிக்கப்பட்டிருந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் மின்கலங்களும் எரிபொருளும் கட்டுப்படுத்தப்பட்டபோது மக்கள் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்த பின்னரும் மின்தடைகள் தீரவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று முழு இலங்கையும் மின்சாரமின்றி நின்றது. நெடுந்தீவு தேசிய வலையமைப்போடு இணைக்கப்படாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி வந்திருக்கிறது. கடல் சூழ்ந்த நிலத்தின் ஈரப்பதமும் உப்புக்காற்றும் இலத்திரனியல் இணைப்புகளை அரிக்கின்றன. 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது புதிய கணினி வாங்குவது பலருக்கு எட்டாததாயிற்று. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே வழியானது.

தரவின் மதிப்பும் இங்கு வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. ஒரு சமூகத்தின் நினைவு இப்படி வன்தட்டுகளுக்கு மாறும்போது, வன்தட்டின் உடல்நிலையை அறிவது பண்பாட்டுப் பாதுகாப்பின் பகுதியாகிறது.

பொதியாக்கம் செய்யும் பணி

மூலநிரலைத் தொகுத்துக் கோப்பாக்குவது பொதியாக்குநரின் வேலையில் ஒரு பங்குதான். அந்தக் கருவி இயங்குதளத்தில் எந்த இடத்தில், எந்த அதிகாரத்தோடு, எந்த இயல்பு அமைப்போடு இயங்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். புரூஸ் அலன் 2002இல் தொடங்கிய ஸ்மார்ட்மொன்டூல்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வன்தட்டுகள் தம்முள் பதிந்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகளை இது வாசிக்கிறது. இதில் இரு பகுதிகள் உண்டு: கேட்கும்போது அறிக்கை தரும் ஸ்மார்ட்சிடிஎல், பின்னணியில் தொடர்ந்து கண்காணிக்கும் ஸ்மார்ட்டி. டெபியன் பொதியை நிறுவியதும் கண்காணிப்புச் சேவை தானாகத் தொடங்குகிறது. பழுது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான சிறு நிரல்களை வைக்கத் தனிக் கோப்புறை ஒன்றும் அமைக்கப்பட்டிருக்கிறது. இவை பொதியாக்குநரின் சேர்க்கை.

பொதியைப் பிரிப்பதிலும் தீர்ப்பு உண்டு. எல்எம்-சென்சர்ஸ் என்ற ஒரே மூலத்திலிருந்து வெப்பநிலையை வாசிக்கும் கருவி, விசிறியைக் கட்டுப்படுத்தும் ஃபேன்கன்ட்ரோல், பிற நிரல்களுக்கான நூலகம் எனத் தனித்தனிப் பொதிகள் உருவாகின்றன. வெப்பநிலையை வாசிப்பதில் ஆபத்து குறைவு. விசிறியைத் தவறாகக் கட்டுப்படுத்தினால் செயலி சூடேறும். பயனர் தெரிந்தே தெரிவு செய்யட்டும் என்பதற்காகவே இரண்டும் பிரிந்து நிற்பது நல்லது. யூபிஎஸ்களைக் கண்காணிக்கும் ‘நட்’ கருவித்தொகுதி சேவையகம், வாங்கி எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. யூபிஎஸ் இணைந்த ஒரு கணினி செய்தி சொல்ல, அதே மின்சாரத்தைப் பகிரும் மற்றக் கணினிகள் வலையமைப்பு வழியாகக் கேட்டு ஒழுங்காக அணைந்துகொள்ளலாம். ஒரு பாடசாலைக் கணினிக் கூடத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

நம்பகம், எட்டுகை, விடுதலை

இந்த நடைமுறையின் முதல் வலு நம்பகம். வன்பொருட் கருவிகள் பெரும்பாலும் முழு நிர்வாக அதிகாரத்தோடு இயங்குகின்றன; தீய நிரல் ஒன்று இவற்றுள் நுழைந்தால் தடுக்க வேறு அரண் இல்லை. டெபியன் 1997இல் ஏற்ற கட்டற்ற மென்பொருள் வழிகாட்டல்கள் மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்கின்றன. களஞ்சியப் பட்டியல்கள் மறையாக்கக் கையொப்பம் இடப்பட்டவை. ஒரே மூலத்திலிருந்து யார் தொகுத்தாலும் ஒரே கோப்பு கிடைக்க வேண்டும் என்ற முயற்சி 2013இல் டெபியனில் தொடங்கியது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்க நிரலில் மறைவாகச் செருகப்பட்ட பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டது. அது டெபியனின் சோதனைக் கிளைகளை எட்டியிருந்தது. நன்கு சோதித்தபின் வெளியிடப்படும் நிலைக் கிளையை எட்டவில்லை. மெதுவாக வெளியிடும் வழக்கம் அன்று காவலாக நின்றது. ஏதோவொரு தளத்திலிருந்து ‘வன்தட்டுத் திருத்தும் மென்பொருளை’ இறக்கி நிறுவும் பழக்கத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பாதுகாப்பின் பெறுமதி விளங்கும்.

இரண்டாவது வலு எட்டுகை. டெபியனை முழு டிவிடித் தொகுதிகளாகப் பெறலாம். ஏபிடி-ஆஃப்லைன் என்ற கருவி, இணையமில்லாத கணினிக்குத் தேவையான பொதிகளின் பட்டியலை எழுதித் தருகிறது. இணையமுள்ள இன்னொரு கணினியில் அவற்றை இறக்கி, யூஎஸ்பி தட்டில் கொண்டுவந்து நிறுவலாம். கையொப்பச் சரிபார்ப்பு இந்த வழியிலும் இயலும். தீவகப் பாடசாலை ஒன்றின் கணினிகளுக்கு யாழ்ப்பாண நகரிலிருந்து பொதிகளை எடுத்துச் செல்ல இதைவிட ஒழுங்கான முறை தேவையில்லை.

மூன்றாவது வலு, வர்த்தகப் பெயர்களிலிருந்து கிடைக்கும் விடுதலை. உற்பத்தியாளர் தரும் சோதனை மென்பொருள் பெரும்பாலும் விண்டோசுக்கு மட்டும், தம் பொருளுக்கு மட்டும், தாம் ஆதரிக்கும் காலத்துக்கு மட்டும் உரியது. ஸ்மார்ட்மொன்டூல்ஸோ பல நிறுவனங்களின் வன்தட்டுகளையும் ஒரே கட்டளையால் வாசிக்கிறது. உற்பத்தியாளர் கைவிட்ட பழைய தட்டையும் வாசிக்கிறது. பழைய இயந்திரங்களோடு வாழும் இடத்தில் இதுவே மிகப் பெரிய நன்மை.

சோதனைக் கூடம் தொட முடியாத இடம்

குறைகளில் ஆழமானது, வன்பொருட் கருவியைப் பொதியாக்குபவரால் எல்லா வன்பொருளிலும் அதைச் சோதிக்க முடியாது என்பது. டெபியனில் பொதிகளைத் தானியங்கிச் சோதனைகள் பரிசோதிக்கின்றன. ஆனால் அவை கொள்கலங்களிலும் மெய்நிகர் இயந்திரங்களிலும் நடக்கின்றன. அங்கே உண்மையான விசிறியோ, வெப்ப உணரியோ, யூபிஎஸ்ஸோ இல்லை. நிரல் தொகுக்கப்படுகிறதா, தொடங்குகிறதா, சார்புகள் சரியா என்பதை அவை காட்டும். குறித்த தாய்ப்பலகையில் பாதுகாப்பாக இயங்குமா என்பதைக் காட்டா. இந்த இடைவெளியின் விலையை 2000களின் தொடக்கத்தில் ஐபிஎம் திங்க்பேட் பயனர்கள் அறிந்தார்கள். உணரிகளைத் தேட எல்எம்-சென்சர்ஸ் அனுப்பிய வினாக்கள் சில மாதிரிகளில் முக்கிய நினைவகச் சில்லொன்றின் தரவைக் குலைத்து, கணினியைத் தொடங்க முடியாததாக்கின. அதன்பின் தடுப்புகள் எழுதப்பட்டன. வாசிப்பதற்காக மட்டும் எழுதப்பட்ட கருவியும் தீங்கு செய்யலாம் என்பது அந்த நிகழ்வின் பாடம்.

இரண்டாவது குறை, உறைந்துபோகும் அறிவு. வன்தட்டு மாதிரிகளையும் யூஎஸ்பி இணைப்புச் சில்லுகளையும் அடையாளம் காண ஸ்மார்ட்மொன்டூல்ஸ் ஒரு தரவுப் பட்டியலைப் பயன்படுத்துகிறது. நிலைக் கிளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. இடையில் பட்டியல் பழையதாகிறது. புதிய யூஎஸ்பி பெட்டியில் வைத்த தட்டை அடையாளம் காண முடியாதபோது பயனர் தட்டையே குறை சொல்லக்கூடும். பட்டியலை மட்டும் புதுப்பிக்கும் கட்டளை உண்டு. அது இருப்பதை அறிந்தவர் குறைவு. மெம்டெஸ்ட்86+ இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. டெபியன் 11இல் இருந்த பதிப்பு பழைய பயோஸ் முறையில் மட்டுமே தொடங்கியது. புதிய யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் ஆறாம் பதிப்பு டெபியன் 12இல்தான் வந்தது. எக்ஸ்இசட் நிகழ்வில் காவலாக நின்ற அதே மெதுவான நடை இங்கே தடையாகிறது. நிரலையும் தரவையும் ஒரே காலத்தில் உறைய வைப்பதே இதன் காரணம். தரவுப் பட்டியல்களைத் தனியாக, கையொப்பத்தோடு புதுப்பிக்கும் ஏற்பாட்டை இயல்பாக்கினால் இரண்டையும் ஒன்றாகக் காக்கலாம்.

நிறுவியபின் வரும் மௌனம்

மூன்றாவது குறை பயனருக்கு நேராகத் தெரிவது: பொதி நிறுவப்பட்டாலும் கருவி பணிசெய்யாமல் இருக்கலாம். ‘நட்’ நிறுவியதும் அதன் இயல்பு நிலை ‘எதுவும் இல்லை’ என்றே எழுதப்பட்டிருக்கும். யூபிஎஸ்ஸின் இயக்கியைத் தெரிந்து, கோப்புகளைத் திருத்தும் வரை அது எதையும் காக்காது. இதற்கு நியாயம் உண்டு. தவறான அமைப்போடு தானாகத் தொடங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் சேவையகத்தைக் காரணமின்றி அணைத்துவிடக்கூடும். ஃபேன்கன்ட்ரோலும் எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்குரியது என்று பயனர் சோதித்து எழுதிய பின்னரே இயங்குகிறது. அதுவும் சரியே.

ஸ்மார்ட்டியின் மௌனத்துக்கு அந்த நியாயம் போதாது. சேவை ஓடுகிறது, பழுதைக் காண்கிறது, எச்சரிக்கையை நிர்வாகக் கணக்கின் உள் அஞ்சலுக்கு அனுப்புகிறது. சேவையகத்தில் அதை யாரேனும் வாசிக்கலாம். வீட்டுக் கணினியில் அப்படி ஓர் அஞ்சல் இருப்பதையே எவரும் அறியார். திரையில் செய்தி காட்டும் ஸ்மார்ட்-நோட்டிஃபயர் என்ற பொதி தனியாக இருக்கிறது. அதைத் தேடி நிறுவுவது பயனர் பொறுப்பு. கருவிக்குப் பழுது தெரிந்து, உரியவருக்குத் தெரியாமல் போனால் அந்தக் கண்காணிப்பால் பயனில்லை.

செய்தி கிடைத்தாலும் பொருள் கொள்வது இன்னொரு படி. ஸ்மார்ட்சிடிஎல் தரும் ‘தேறியது’ என்ற முடிவைப் பலர் முழு உறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான வன்தட்டுகளில் 36 வீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர, எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டவில்லை. மறுபுறம், ஸ்மார்ட் அறிக்கையின் 199ஆம் எண் பண்பு உயர்ந்தால் தட்டைவிட இணைப்புக் கம்பியைத்தான் முதலில் ஐயுற வேண்டும்; உப்புக்காற்றில் இணைப்புகள் அரிக்கும் ஊரில் இந்த வேறுபாடு ஒரு தட்டின் விலையை மிச்சப்படுத்தும். இத்தகைய விளக்கங்கள் கையேட்டுப் பக்கங்களில் ஆங்கிலத்தில் உள்ளன. டெபியனின் நிறுவி தமிழில் பேசுகிறது. ஸ்மார்ட்சிடிஎல்லின் அறிக்கை பேசுவதில்லை. ஆபத்தை அறிவிக்கும் வரி எந்த மொழியில் இருக்கிறது என்பது பாதுகாப்புக் கேள்வி.

கொள்கையும் பழைய இயந்திரமும்

கட்டற்ற தன்மை பற்றிய கொள்கையும் வன்பொருளில்தான் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. பல வைஃபை, வரைகலைச் சாதனங்கள், தமக்குள் இயங்கும், மூலநிரல் வெளியிடப்படாத ஃபெர்ம்வெயர் இல்லாமல் இயங்கா. டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் அது நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. மெதுவான இணையத்தோடு புதியவர் ஒருவர் அங்கேயே நின்றுவிடுவார். 2022 ஒக்டோபரில் உறுப்பினர் வாக்கெடுப்பு அதை மாற்றியது. டெபியன் 12 முதல் ஃபெர்ம்வெயர் தனிப் பிரிவாகப் பெயரிடப்பட்டு நிறுவியோடு வருகிறது. கொள்கையை மறைக்காமல் பயனரைக் கைவிடாமல் எடுத்த முடிவு அது. 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13, 32-பிட் பழைய கணினிகளுக்கான கேர்னலையும் நிறுவியையும் நிறுத்தியது. பேணுவோர் குறைந்த நிலையில் இது தவிர்க்க முடியாதது. ஆயினும் அத்தகைய இயந்திரங்களை இன்னும் ஓட்டும் பாடசாலைக்கும் திருத்தகத்துக்கும் இழப்பே.

குறையை நிரப்பும் வழி

பொதியாக்குநரின் மேசையில் இல்லாத வன்பொருள் பயனரின் மேசையில் இருக்கிறது. ஆகவே மேற்சொன்ன குறைகளில் பல, பயனர் பக்கத்திலிருந்து வரும் அறிவால் மட்டுமே தீரும். அதற்கான கருவிகள் டெபியனிலேயே உண்டு. எச்டபிள்யூ-புரோப் ஒரு கணினியின் வன்பொருள் விவரத்தையும் அதன் இயங்குநிலையையும் தொகுத்துப் பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. ஐசென்கிராம், இணைக்கப்பட்ட சாதனத்தைப் பார்த்து அதற்குரிய பொதியைப் பரிந்துரைக்கிறது. குடாநாட்டில் விற்கப்படும் யூபிஎஸ் எந்த இயக்கியோடு வேலை செய்தது என்ற ஒரு வழுவறிக்கை அடுத்த வெளியீட்டில் எல்லோருக்கும் பயன்படும். எச்சரிக்கை வரிகளைத் தமிழாக்குவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் மாணவர்க்கு எட்டிய பணி. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற டெபியன் சிறு மாநாடும், அதே ஆண்டு செப்டெம்பரில் கொச்சியில் உலக டெபியன் மாநாடும் நடந்தன; கற்றுத்தரக்கூடிய சமூகம் பாக்கு நீரிணைக்கு அப்பால் அருகிலேயே இருக்கிறது.

மொத்தத்தில், டெபியன் நடைமுறை கருவியைக் கெடாமல், விலையின்றி, எந்த மூலைக்கும் கொண்டுசேர்ப்பதில் சிறந்து நிற்கிறது. கொண்டுசேர்த்த பின் அது குறித்த இயந்திரத்தில் இயங்குகிறதா, அதன் எச்சரிக்கை உரியவரை எட்டுகிறதா, எட்டினாலும் விளங்குகிறதா என்ற மூன்றிலும் தளர்கிறது. முதல் பாதியின் வலுவை இழக்காமல் இரண்டாம் பாதியைச் சீர்செய்ய முடியும்: தரவுப் பட்டியல்களைத் தனியே புதுப்பித்தல், எச்சரிக்கையைத் திரைக்குக் கொண்டுவருதல், செய்திகளைப் பயனர் மொழியில் தருதல், கள அறிக்கைகளைப் பொதியின் தரச் சான்றாக ஏற்றல். இந்த நான்கும் மின்சாரமும் பணமும் தட்டுப்பாடான இடங்களுக்கே முதலில் தேவை. அவ்விடங்களில் ஒத்துவரும் பொதி எவ்விடத்துக்கும் ஒத்துவரும்.