பட்டியல் மட்டும் உயிர் காக்குமா?

நோயாளியின் தோலில் கத்தி படுவதற்கு முன், ஆபரேஷன் தியேட்டரில் எல்லா வேலையும் சற்று நேரம் நிற்க வேண்டும். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். நோயாளி யார், என்ன சிகிச்சை, உடலின் எந்தப் பக்கம் என்பதை அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் மூவரும் வாய்விட்டு உறுதி செய்ய வேண்டும். தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடங்களுக்குள் போடப்பட்டதா, எவ்வளவு ரத்தம் போகக்கூடும், ஸ்கேன் படம் கண்ணெதிரே இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கத்தியை எடுக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் சொல்லும் நடைமுறை இது. மயக்கம் கொடுக்கும் முன், அறுக்கும் முன், நோயாளி அறையைவிட்டுப் போகும் முன் என மூன்று கட்டங்களில் மொத்தம் 19 கேள்விகள். எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். மருத்துவத்தில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் கருவி வேறு இருக்கிறதா என்று வியந்தவர்கள் உண்டு. இதுவும் ஒரு காகித வேலை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரு தரப்பிடமும் சான்று இருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. பட்டியலின் பலம் அது நினைவூட்டும் விஷயங்களில் மட்டும் இல்லை. அறையில் அதிகாரம் குறைந்தவருக்கு ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமையைத் தருகிறதா என்பதில் இருக்கிறது.

திறமைசாலிக்கும் மறதி உண்டு

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டில், போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானமான மாடல் 299, மேலெழும்பிய சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ப்ளோயர் ஹில் அனுபவம் மிக்க சோதனை விமானி. எந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. தரையில் நிற்கும்போது வால் பகுதியின் அசையும் தகடுகளைக் காற்று அலைக்கழிக்காமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். புறப்படும் முன் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதிவைக்கும் வழக்கம் இந்த விபத்துக்குப் பிறகே ராணுவ விமானிகளிடம் வேரூன்றியது. அதே வகை விமானம்தான் பின்னாளில் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப்போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

கைதேர்ந்தவர் ஏன் மறக்கிறார்? பழகிய வேலையில் மனம் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக யோசிப்பதில்லை. ஒரு படி முடிந்ததே அடுத்த படியைத் தொடங்கி வைக்கிறது. நடுவில் யாராவது குறுக்கிட்டால் அந்தத் தொடர் அறுந்துபோகிறது. மீண்டும் வேலைக்குத் திரும்பும்போது, செய்யாத படியையும் செய்துவிட்டதாக நினைவு சொல்கிறது. எத்தனையோ முறை செய்த அனுபவமே இப்போதும் செய்தோம் என்ற பொய்யான உறுதியைத் தருகிறது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய உளவியலாளர் கீ டிஸ்மியூக்ஸ் விமானிகளிடம் இதை விரிவாக ஆராய்ந்தவர். இத்தகைய தவறுகள் அக்கறையின்மையால் வருபவை அல்ல, மனித மனம் இயல்பாக வேலை செய்யும் விதத்திலேயே இருப்பவை என்பது அந்த ஆய்வுகள் காட்டும் உண்மை. பட்டியலின் முதல் பெருமை இதுதான். ‘இவ்வளவு படித்தவர் எப்படி மறந்தார்?’ என்ற பழிச்சொல்லை ஓரம் தள்ளி, மறதியை முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கு ஏற்பாடு செய்கிறது.

நம்பிக்கை தந்த எண்கள்

மருத்துவத்தில் இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் ப்ரோனோவோஸ்ட். தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய் வழியே கிருமி புகுந்து நோயாளிகள் இறப்பதைத் தடுக்க, ஐந்து படிகளை எழுதினார்: கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் தூய்மையான துணியால் மூடுதல், தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல். இவை எந்த மருத்துவருக்கும் தெரியாதவை அல்ல. இவற்றில் ஒன்றை மருத்துவர் விட்டால் செவிலியர் வேலையை நிறுத்தலாம், நிர்வாகம் செவிலியரின் பக்கம் நிற்கும் என்பதே புதிய விஷயம். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. 2006இல் வெளியான முடிவுகளின்படி, 1,000 குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதங்களில் பூஜ்யத்தைத் தொட்டது.

அடுத்து வந்தது அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையிலான குழு உலக சுகாதார நிறுவனத்துடன் நடத்திய ஆய்வு. புது டெல்லி, மணிலா, அம்மான், டான்சானியாவின் இஃபாகாரா முதல் லண்டன், சியாட்டில், டொரொன்டோ, ஆக்லாந்து வரை எட்டு மருத்துவமனைகளில் 19 கேள்விப் பட்டியலைச் சோதித்தார்கள். 2009இல் வந்த முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், கடும் சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆனால் இது முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு. பட்டியல் இல்லாத இணைக் குழு கிடையாது. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவர்கள் கூடுதல் கவனத்தோடு நடந்திருக்கவும் கூடும். இதைவிடக் கறாரான முறையில் நார்வேயின் இரு மருத்துவமனைகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்விலும் சிக்கல்கள் 19.9 சதவீதத்திலிருந்து 11.5 ஆகக் குறைந்தன. ஆகவே பலன் வெறும் தோற்றம் என்று தள்ளிவிட முடியாது.

டிக் இருந்தது, செயல் இல்லை

குறைகளும் கண்முன் இருக்கின்றன. 1987இல் டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் விமானம் இறக்கையின் ஃப்ளாப்களை நீட்டாமலேயே புறப்பட்டு விழுந்தது. 156 பேர் இறந்தார்கள். புறப்படும் முன் படிக்க வேண்டிய பட்டியலை விமானிகள் படிக்கவில்லை. படித்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று டல்லாஸில் டெல்டா விமானம் ஃப்ளாப்களை நீட்டாமல் புறப்பட்டு விழுந்து 14 பேர் இறந்தபோது, விமானி அறையில் பட்டியல் படிக்கப்பட்டிருந்தது. ‘ஃப்ளாப்’ என்ற கேள்விக்குப் பதினைந்து, பச்சை விளக்கு என்ற பதிலும் குரல் பதிவில் இருக்கிறது. கேள்வி காதில் விழுந்ததும் பழகிய பதில் வாயில் வந்துவிட்டது. கண் கருவியைப் பார்த்திருந்தாலும், இருப்பதைப் பார்க்காமல் எதிர்பார்த்ததைப் பார்த்திருக்கும். மறதியைத் தடுக்க வந்த பட்டியலும் நாளடைவில் பழக்கமாகி, அதே மறதிக்குள் விழுகிறது.

மருத்துவமனையில் இந்த ஆபத்துக்கு நிர்வாகம் தீனி போடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைகள் பட்டியலை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கின்றன என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2010இல் உத்தரவானது. மருத்துவமனைகள் மிக உயர்ந்த சதவீதங்களை அறிவித்தன. ஆனால் 101 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வில், இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆனது மட்டுமே தெரிந்தது. புள்ளியியல் கணக்கில் அதைக் குறைவு என்றே கொள்ள முடியாது. மூன்று மாத அவகாசம் போதாது, பயிற்சியும் சரியாக இல்லை என்று பட்டியலின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதமே, தாளை அனுப்பிவைத்தால் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்குச் சான்று. மிச்சிகனைப் பின்பற்றி இங்கிலாந்து நடத்திய திட்டத்திலும் தொற்று குறைந்தது. ஆனால் திட்டத்தில் அப்போது சேராத பிரிவுகளிலும் அதேபோல் குறைந்ததால், பெருமையைத் திட்டத்துக்குக் கொடுக்க முடியவில்லை. மிச்சிகனின் வெற்றியைப் பிறகு ஆராய்ந்த மேரி டிக்ஸன்-வுட்ஸ் போன்ற சமூக அறிவியலாளர்கள், மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று கற்றுக்கொண்டதும், தொற்றுக் கணக்கு உடனுக்குடன் ஊழியரின் கைக்கு வந்ததும், செவிலியருக்குக் கிடைத்த அதிகாரமும்தான் பட்டியலுக்கு உயிர் கொடுத்தன என்றார்கள்.

நம் நாட்டில் நடந்த சோதனை இன்னும் கசப்பான பாடத்தைச் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில், 120 மருத்துவ நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதி இடங்களில் பாதுகாப்பான பிரசவப் பட்டியலோடு, அருகிலிருந்து வழிகாட்டும் பயிற்சியாளரும் இருந்தார். இரண்டு மாதத்தில் அந்த இடங்களில் சரியான நடைமுறைகள் 73 சதவீதம் பின்பற்றப்பட்டன. மற்ற இடங்களில் 42 சதவீதம்தான். ஆனால் 2017இல் வந்த முடிவில், குழந்தை இறப்பு, தாய் இறப்பு, தாய்க்கு நேரும் கடும் சிக்கல் மூன்றையும் சேர்த்த அளவு 15.1 சதவீதத்துக்கும் 15.3 சதவீதத்துக்குமான வித்தியாசமாகவே நின்றது. கை கழுவினார்கள், சூடு பார்த்தார்கள், இருந்தும் உயிரிழப்பு குறையவில்லை. சிக்கலான பிரசவத்தைக் கையாளும் திறன், ரத்தம், நேரத்துக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் வசதி ஆகியவற்றை ஒரு தாள் கொண்டுவந்துவிடாது. பட்டியலைக் கொடுத்துவிட்டு ஆளும் மருந்தும் தராமல் இருப்பது, பொறுப்பைக் கடைசி வரிசையில் நிற்கும் செவிலியரின் தலையில் கட்டும் அநீதி.

தீர்ப்பு

இத்தனை குறைகளுக்குப் பிறகும் பட்டியலைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. எட்டு நகர ஆய்வில் பங்கேற்ற ஊழியர்களிடம், ‘உங்களுக்கே அறுவை சிகிச்சை என்றால் இந்தப் பட்டியல் வேண்டுமா?’ என்று கேட்டபோது, அது சிரமம் என்று சொன்னவர்களையும் உள்ளடக்கி 93 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். தமக்கு வேண்டியதை நோயாளிக்கும் தருவதுதான் அறம்.

ஆனால் அதை நடத்தும் விதம் மாற வேண்டும். எத்தனை டிக் விழுந்தது என்ற கணக்கை நிர்வாகங்கள் விட்டொழிக்க வேண்டும். அந்த எண் நேர்மையைத் தண்டித்து, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதற்குப் பரிசு தருகிறது. தாளில் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டே போகாமல், அதைப் பயன்படுத்துகிறவர்களே சுருக்கித் திருத்த வேண்டும். தலைமை அறுவை மருத்துவர் முதலில் வாய்திறந்து, ‘ஏதாவது தவறாகத் தெரிந்தால் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். பெரியவர் முன் பேசத் தயங்கும் நம் பணியிடங்களில் இந்த ஒரு வாக்கியம் பத்துக் கேள்விகளைவிட மதிப்புள்ளது.

ஒரு மருத்துவமனையில் பட்டியல் உண்மையாகவே இயங்குகிறதா என்று அறியக் கோப்புகளைப் புரட்ட வேண்டாம். கடைசியாக ஒரு செவிலியர் எப்போது, எதற்காக வேலையை நிறுத்தச் சொன்னார், அதன் பிறகு அவரை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால் போதும். அவருக்கு நன்றி கிடைத்திருந்தால் அங்கே பட்டியல் உயிரோடு இருக்கிறது. ‘அப்படி யாரும் சொன்னதே இல்லை’ என்பது பதிலானால், அங்கு நடப்பது வெறும் கையெழுத்து வேலை.