அறை கிடைத்ததா?
சோயிங்காவின் கவிதை ஒன்றை முன்வைத்து

வோலே சோயிங்காவின் ‘டெலிபோன் உரையாடல்’ கவிதையை நம் கல்லூரிகளில் ஆங்கிலப் பாடமாக நடத்துகிறார்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு அறை தேடும் ஆப்பிரிக்கர் ஒருவர் தெருவோர டெலிபோன் கூண்டிலிருந்து வீட்டுக்காரம்மாவிடம் பேசுகிறார். வாடகை பரவாயில்லை. அந்தம்மா அங்கே குடியிருக்கவில்லை, அதுவும் நல்லதுதான். வீண் அலைச்சல் வேண்டாமே என்று, தான் ஆப்பிரிக்கர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அந்தப் பக்கம் மௌனம். பிறகு கேள்வி வருகிறது: எவ்வளவு கறுப்பு? இவர் தன் உடம்பின் பாகங்களுக்கு ஒவ்வொரு நிறமாகச் சொல்லி, நேரிலேயே பார்த்துக்கொள்ளுங்களேன் என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. வாத்தியார் ‘அங்கதம்’ என்று குறிப்பு எழுதச் சொல்கிறார். மணி அடித்துவிடுகிறது.

அந்த மனுஷனுக்கு அறை கெடச்சுதா என்று யாரும் கேட்பதில்லை.

சோயிங்கா 1954இல் லீட்ஸுக்குப் படிக்கப் போனவர். அவருடைய கவிதை கெஞ்சவில்லை. கேள்வி கேட்டவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அதன் பலம் அது. அன்றைக்குச் சட்டமும் துணைக்கு இல்லை. பிரிட்டனின் 1965 இன உறவுச் சட்டம் பொது இடங்களோடு ஏறக்குறைய நின்றுகொண்டது. வீடும் வேலையும் 1968 சட்டத்தில்தான் வந்தன. அதிலும், வீட்டுக்காரர் கூடவே குடியிருக்கும் சின்ன வீடுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். கவிதையில் வரும் அம்மாவுக்கு அந்தச் சாக்குக்கூடக் கிடைத்திருக்காது.

ஆனால் பேச்சில் ஜெயித்தவன் ராத்திரி எங்கே படுத்தான்? கவிதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அண்ணல் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ அங்கிருந்துதான் பேசுகிறது. நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த காலத்தில், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே தனக்கு அற்றுப்போயிருந்தது என்று எழுதுகிறார். 1917இல் பரோடா அதை நினைவுபடுத்தியது. பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டார், இடமில்லை. காமாட்டி பாக் பூங்காவில் பொழுதைக் கழித்து, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அயல்நாட்டில் வராத அந்நியத்தனம் சொந்த நாட்டில் வந்தது. தலைப்பில் விசா என்று இருப்பதன் பொருள் இதுதான்.

இந்தப் பிரதியில் அங்கதமில்லை, சாமர்த்தியமான பதிலடியும் இல்லை. சாட்சியம் இலக்கியமாகாது என்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். கதவு சாத்தப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சாட்சியம்தான் சொல்கிறது.

டெலிபோனில் நிறம் தெரியாததால் அங்கே வாய்விட்டுக் கேட்டார்கள். நேரில் நின்றாலும் சாதி தெரியாததால் இங்கே சுற்றி வளைக்கிறார்கள்: சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, கறி சாப்பிடுவீங்களா? குடியிருப்பில் தீண்டாமை காட்டுவதைக் குற்றமாக்கிய நம் சட்டம் 1955இலேயே வந்தது, பிரிட்டனுக்கு 13 வருஷம் முந்தி. ‘எங்க சொந்தக்காரங்களே குடிவர்றாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தச் சட்டமும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து திரும்பி நடந்தவர்கள் எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.