சந்தையை அடையாத வணிகர்: பழங்காசுக் கொள்முதல் குறித்து ஒரு ஃபிக்ஹு விமரிசனம்

குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில், கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பொருள் தேடிச் சென்ற முன்னோர் விட்டுச்சென்ற வெள்ளி ரூபாய்கள் இன்றும் சில தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒரு நிக்காஹோ மருத்துவச் செலவோ வரும்போது பெட்டி திறக்கப்படுகிறது. வெள்ளியின் எடைக்கு விலை பேசப்படுகிறது. விற்பவர் பார்ப்பது எடையை; காசு சேகரிப்பில் பழகியவர் பார்ப்பது ஆண்டை.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாயில், அவரது அணியில் பொறித்திருந்த யானை பன்றியைப் போலத் தோன்றியதால் முஸ்லிம்களிடையே மனக்கொதிப்பு எழுந்தது. அரசு அக்காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையின் உருவைத் திருத்தி வெளியிட்டது. ஆகவே 1911ஆம் ஆண்டுக் காசுக்குச் சேகரிப்பாளரிடையே தனி மதிப்பு உண்டு. ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாய்க்கோ மதிப்பு அதனினும் மிகுதி. 1940இல் வெள்ளியின் தரம் பாதியளவாகக் குறைக்கப்படும் முன் உயர்தர வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய் அது, எஞ்சியவையும் மிகச் சிலவே. தராசில் இட்டால் 1911, 1912, 1939 ஆகிய மூன்றும் 11.66 கிராம்தான். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியவரின் கண்ணுக்கு எல்லாமே ராஜா தலை.

இவ்வாறு எடை விலைக்கு அரிய காசை வாங்குவது ஆகுமா என்ற வினாவுக்கு நம்மவரிடையே வழங்கும் விடை ஒற்றைச் சொல்: கூடும். பொய் சொல்லவில்லை, எடையைக் குறைக்கவில்லை, இருவரும் மனமொப்பிப் பேசினர், ஈஜாபும் கபூலும் நிறைவேறின என்பர். ஓதிப் பழகியவராயின் 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபிலிருந்து ஓர் இடத்தையும் எடுத்துக் காட்டுவர். கண்ணாடித் துண்டை மாணிக்கமென எண்ணி ஒருவன் பெருவிலை கொடுத்து வாங்கிவிட்டால், விலையில் மிகையாக ஏமாந்தான் என்பதற்காக மட்டும் வணிகத்தை முறிக்கும் கியார் அவனுக்கு இல்லை என்பது அவ்விடத்தின் கருத்து. பொன்னானி மக்தூம் அவர்களின் இந்நூல் நம் அரபுக் கல்லூரிகளில் பாடமாக ஓதப்படுவது. அதன் சட்டத்தை நாம் மறுக்கவில்லை. அதைக் காசுக்காரருக்கு ஆதாரமாக்கும் முறையையே மறுக்கிறோம்.

அச்சட்டத்துக்கு ஆசிரியர் தரும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். விசாரிக்க வழியிருந்தும் விசாரியாது தன் ஊகத்தின்படி நடந்தவன் அவன், குறை அவனுடையது. விசாரிக்கும் வழி ஒருவருக்குத் திறந்தே இருக்கவில்லையெனில்? அதற்கும் நம் மத்ஹபில் விடை உண்டு. வெளியூரிலிருந்து சரக்கேற்றி வரும் கூட்டத்தாரைச் சந்தைக்கு வருமுன்னே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சரக்கின் உரியவர் சந்தையை அடைந்ததும் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. இமாம் நவவி (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் இதைச் சட்டமாக வரையும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறார்கள்: அவர்கள் ஊருக்குள் வருவதற்கும் விலை நிலவரத்தை அறிவதற்கும் முன்னே வாங்குவது, தாம் விலையில் இழந்ததை அறிந்தால் அவர்களுக்குக் கியார் உண்டு என்பது. வணிகம் நிறைவேறும், ஆனால் வாங்கியவர் பாவி. (இமாம் நவவி மறைந்த 1277இல், நம் பட்டினத்துக்குத் தன் பெயரை விட்டுச்சென்ற மாறவர்மன் குலசேகரன் பாண்டிய நாட்டை ஆண்டுகொண்டிருந்தான்.)

ஆக, ஏமாந்தவனுக்குக் கியார் இல்லை என்ற அதே மத்ஹபு, வழியில் மறிக்கப்பட்டவனுக்குக் கியார் தருகிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு சந்தை. சந்தைக்குள் நின்று விசாரியாதவன் தன் குறையைத் தானே சுமக்கட்டும். சந்தையை அடையவே விடப்படாதவன் சுமக்க வேண்டியதில்லை. இப்போது அந்தத் தகரப் பெட்டிக்கு வருவோம். மீனுக்கும் கருப்பட்டிக்கும் வெள்ளியின் எடைக்கும் அந்த அம்மாள் சந்தைக்குள் இருப்பவரே. அன்றைய வெள்ளி விலை அவருக்குத் தெரியும். பழங்காசின் சந்தையோ சென்னையிலும் மும்பையிலும் ஏலக்கூடங்களிலும் விலைப்பட்டியல்களிலும் இருக்கிறது. அப்படியொரு சந்தை உண்டென்பதே அவர் அறியாதது. குலசேகரன்பட்டினத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவராயினும், இந்தச் சரக்கைப் பொறுத்தவரை அவர் இன்னும் வழியில்தான் இருக்கிறார். 'விசாரித்திருக்கலாமே' என்னும் வாதம் அவரிடம் செல்லாது; எதை விசாரிப்பது என்பதும் அறிந்தவனுக்குத்தான் தெரியும். பெட்டி ஒட்டகத்தின் மீது வரவில்லை என்ற சொல் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு இவ்வொப்புமையைத் தள்ளுவோர், தடையின் காரணத்தை விட்டுவிட்டு அதன் தோற்றத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹன்பலி மத்ஹபினர் இதற்கும் மேலே சென்று, விலை அறியாது, பேரம் பேசவும் அறியாது, எதிரியை நம்பி ஒப்படைப்பவரை 'முஸ்தர்ஸில்' எனப் பெயரிட்டு, அவர் மிகையாக இழந்தால் கியார் அளித்துள்ளனர்.

இக்கடற்கரையின் பழைய வணிகம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா என்பது விற்றவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. அதில் 'கரர்' உண்டா என்பது வேறு பேச்சு. இருவர் அறியாமையும் சமமாக இருந்தது என்பதே இங்கு வேண்டுவது. காசு வணிகத்தில் ஒருவர் கையில் மட்டும் சிப்பி திறந்திருக்கிறது.

நம் வாசகர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 1335 முதல் 1378 வரை மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசுகள் தென் மாவட்டங்களில் கிடைக்கின்றன. ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் தொடங்கி அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாஹ் வரையிலான பெயர்கள் அவற்றில் அரபெழுத்தில் பொறிக்கப்பட்டவை. பழைய பாத்திரக் கடைக்காரருக்கு அது துருவேறிய செப்புத் துண்டு. ஏழாண்டு ஓதிய ஆலிமுக்கு அது படிக்கக்கூடிய எழுத்து. கிதாபைத் திறப்பதற்காகப் பெற்ற இல்மு, அறியாதவரின் பையைத் திறப்பதற்குப் பயன்படுமாயின் அந்த ஓதலை என்னவென்பது? அந்த எழுத்து சட்டத்தையும் மாற்றுகிறது. நிலத்தில் கிடைத்த பாண்டியர் காசு 'ரிகாஸ்' வகையில் வந்து அதில் ஐந்திலொரு பங்கு ஜகாத்தாகலாம். முஸ்லிம் மன்னரின் பெயர் பொறித்ததோ, நம் மத்ஹபின்படி, உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டிய 'லுகதா'. நாட்டுச் சட்டமும் உண்டு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். எனவே மண்ணிலிருந்து வந்த காசை 'எங்கே கிடைத்தது' என்று கேளாமல் வாங்குவோரைப் பற்றிய பேச்சு, விலை நியாயத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சேகரிப்பாளர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அவர்கள் வாங்கியிராவிட்டால் அக்காசுகள் தட்டார் உலையில் உருகியிருக்கும். இது உண்மை. தினமலர் ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்று பொறித்த காசை ஆய்வுலகின் முன் வைத்தார். சங்க காலப் பாண்டியர் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. இத்தகைய உழைப்புக்குத் தமிழர் அனைவரும் கடன்பட்டுள்ளோம். ஆனால் காசைக் காப்பாற்றியதற்கான நன்றி வேறு, விற்றவருக்குரிய பங்கு வேறு. அறிவுக்குக் கூலி வேண்டாமென நாம் சொல்லவில்லை. கூலி எவ்வளவு என்பதை எதிரிலிருப்பவரும் அறிந்திருக்கட்டும் என்கிறோம்.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் பணியாள் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். ஜரீர் உரியவரிடம் சென்று, உமது குதிரை அதற்கு மேல் பெறும் என்று சொல்லிச் சொல்லி விலையைத் தாமே ஏற்றி எண்ணூறுக்கு வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என நபியவர்களிடம் பைஅத் செய்திருப்பதே அவர்கள் கூறிய காரணம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் கூறும் பஸ்ரா வணிகரின் செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கரும்பு நோயுற்றதென ஸூஸ் நகரிலிருந்து பணியாள் எழுதியதை அறிந்து, அதை வெளியிடாமல் சர்க்கரையை வாங்கிக் குவித்தார். முப்பதாயிரம் இலாபம் வந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. காலையில் அப்பணத்தை விற்றவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்; விற்றவர் மன்னித்துத் திருப்பித் தந்தார்; மறுநாளும் மனம் ஒப்பாமல் மீண்டும் கொண்டுசென்றார். அவர் பொய் சொன்னவரல்லர், எடை குறைத்தவருமல்லர்.

நடைமுறைச் சிக்கல்களை நாம் அறியாமலில்லை. காசு விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் பேசும்போது இக்கடப்பாடு பெரிதும் தளர்கிறது. அவர் சந்தைக்குள் இருப்பவர், விசாரிப்பது அவர் வேலை. பழைய இரும்புக் கடைக்காரர் நடுவில் நிற்கிறார். அவரிடம் காசின் இனத்தைச் சொல்லிவிட்டுப் பேரம் பேசுவதே பேணுதலான வழி. பெட்டி கொண்டுவரும் அம்மாளிடமோ ஆண்டைக் காட்டி, வெளியே இது என்ன விலை பெறும் என்பதைச் சொல்லிய பிறகு தம் விலையைச் சொல்ல வேண்டும். உடனே கொடுக்கப் பணமில்லாதவர், விற்ற பின் இலாபத்தில் பங்கு தருவதாக எழுதிக் கொடுக்கலாம்.

உண்மை சொல்பவருக்கு வேறொரு தொல்லையும் இருக்கிறது. சாதாரணப் பழைய ஐந்து ரூபாய்க் காசுக்கு இலட்சங்கள் கிடைக்கும் என்ற புரளி பரவி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணம் கறந்தோரும் உண்டு. அவ்வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. ஆகவே நூறு பெட்டிகளில் தொண்ணூற்றொன்பதைப் பார்த்து, 'இதில் வெள்ளியின் விலைக்கு மேல் ஒன்றுமில்லை' என்றே அவர் சொல்ல வேண்டியிருக்கும். அவரை நம்பாமல் அந்த அம்மாள் பெட்டியை மூடிக்கொண்டு வேறு கடைக்குப் போவதும் நடக்கும்.