பையனை எப்போது அனுப்புவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தண்டையார்பேட்டையில் நாங்கள் இருபது வருஷத்து அண்டை அயல். அவருடைய பையனுக்குப் பதினாறு வயது. ஆறடி உயரம், அதில் பாதிக்குமேல் கால். பெண்ஸில் மாதிரி உடம்பு. ஆனால் அவன் பந்து போடுகிறதை டி.எச். ரோடில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடப் பேசிக்கொள்கிறார்கள்.

"சார், பெரிய டீம்காரங்க வந்து கேக்கறாங்க சார். ஃபர்ஸ்ட் டிவிஷன். இந்த வருசமே ஆடணுமாம். அனுப்பலாமா?"

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. வீட்டு வரி, பல்வலி, பெண்ணின் ஜாதகம் எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவார்கள். நானும் சளைக்காமல் ஏதாவது சொல்லிவிடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

இளம் பந்து வீச்சாளனைப் பெரிய ஆட்டத்துக்கு எப்போது ஏற்றுவது என்பது பற்றி நம்முடைய கிரிக்கெட் விமர்சகர்களிடம் இரண்டு பழமொழிகள் இருக்கின்றன. பையன் ஜெயித்துவிட்டால் வலது சட்டைப்பையிலிருந்து "இளங்கன்று பயமறியாது" வெளியே வரும். தோற்றால் இடது பையிலிருந்து "பதறாத காரியம் சிதறாது". இரண்டும் ஆட்டம் முடிந்த பிறகே வெளிவருகின்றன. மழை பெய்து முடிந்தபின் குடை விற்கிற வியாபாரம் இது. தேர்வுக் குழுவை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், இந்த விமர்சனத்தை மன்னிக்க மாட்டேன்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் சென்னைப் பையன். 1965 டிசம்பர் 31ந் தேதி பிறந்தவர். பதினாறு வயதில் ரஞ்சிக் கோப்பையில் டில்லிக்கு எதிராக 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். லெக் ஸ்பின் என்பது கிரிக்கெட்டிலேயே கஷ்டமான வித்தை. மணிக்கட்டைச் சுழற்றிப் போட வேண்டும். ஒரு நூல் பிசகினால் பந்து எல்லைக்கோட்டில் போய் விழும். அந்த வித்தை மீசை அரும்பாத பையனிடம் வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷம், 1983 ஏப்ரலில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆன்டிகுவாவில் டெஸ்ட் ஆடினார். வயது பதினேழு. விக்கெட் ஒன்றும் விழவில்லை.

பிறகு 1984 நவம்பர். பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 64க்கு 6, இரண்டாவதில் 117க்கு 6. இந்தியா ஜெயித்தது. அடுத்து டில்லியில் 99க்கு 6. மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு விக்கெட்! தேசம் முழுவதும் அவர் பெயராக இருந்தது. 1985 மார்ச்சில் மெல்பர்னில் பாகிஸ்தானோடு நடந்த இறுதி ஆட்டத்தில், ஜாவேத் மியான்டாட் கிரீஸை விட்டு வெளியே வந்து ஏமாந்து ஸ்டம்ப் ஆனதைப் பார்த்தவர்கள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு ரஸிப்பார்கள்.

1986 ஜனவரியில் ஸிட்னியில் ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். இருபது வயது நிரம்பி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மொத்தம் ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட்.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் "பிஞ்சிலே பழுத்தது" என்பார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கு எதிரான அந்தத் தொடரில் அவர் எடுத்தது 23 விக்கெட். முதல் மூன்று இன்னிங்ஸில் பதினெட்டு. மிச்சத் தொடர் முழுவதிலும் ஐந்து. சேப்பாக்கத்தில், அவருடைய சொந்த ஊரில், ஃபௌலரும் காட்டிங்கும் ஆளுக்கொரு இரட்டைச் சதம் அடித்தார்கள். அதற்குப் பிறகு ஆடிய மூன்று டெஸ்டுகளில் மூன்றே விக்கெட். அதாவது, அவர் கெட்டது ஏற்றிய அன்று அல்ல. எதிராளி அவர் கையைப் படிக்கக் கற்றுக்கொண்ட அன்று, அவரும் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குத் தனிமை வேண்டும். யாரும் பார்க்காத மைதானத்தில் தோற்றுப் பார்க்கிற சௌகரியம் வேண்டும். அது அவருக்குக் கிடைக்கவில்லை. நட்சத்திரமாக இரு, அல்லது வீட்டுக்குப் போ என்று இரண்டே கதவுதான் திறந்திருந்தன. பிற்பாடு அவர் வர்ணனையாளரானார். தம் வாழ்நாள் முழுவதும் நிறத்துக்காகக் கேலிக்கும் பாகுபாட்டுக்கும் ஆளானதாக 2021இல் அவரே எழுதினார். பதினேழு வயதுப் பையனோடு தோளில் அதையும் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்பது, புள்ளிவிவரம் எழுதிய நம்மில் ஒருவருக்கும் அப்போது தெரியவில்லை.

வயதுதான் குற்றவாளி என்றால் சந்திரசேகரை என்ன செய்வது? அவரும் லெக் ஸ்பின்தான். 1964 ஜனவரியில் பதினெட்டு வயதில் டெஸ்ட் ஆடினார். நடுவில் காயம் பட்டு, 1968க்குப் பிறகு மூன்று வருஷம் இந்திய அணியில் இல்லை. அந்த மாதிரி விலகினவர்களை நாம் பொதுவாக மறந்துவிடுகிறோம். அவரை மறக்கவில்லை. 1971இல் கூப்பிட்டார்கள். ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியைக் கொடுத்தார். 58 டெஸ்ட், 242 விக்கெட். தவிர, பேடி, பிரசன்னா, வெங்கட்ராகவன் என்று மூன்று பேர் கூட இருந்தார்கள். ஒருநாள் இவர் பந்து விழவில்லை என்றால் வேறொருவர் தூக்கிக்கொள்வார். பையனைத் தாங்குகிற கை பக்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி; பிறந்த தேதி அப்புறம்.

இதுவரை சுழற்பந்து. எங்கள் தெருப் பையன் வேகம். அங்கே மனசு மட்டுமில்லை, முதுகும் சேர்ந்துகொள்கிறது. ஓடி வந்து முன்கால் தரையில் இறங்கும்போது உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்கி இடுப்புக்கு ஏறுகிறது. அதே க்ஷணத்தில் முதுகு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது. பதினாறு பதினேழு வயதில் இடுப்பு முள்ளெலும்பு இன்னும் முற்றியிருக்காது. தொடர்ந்து போட்டால் மயிரிழைபோல விரிசல் விடும். உயரம் வந்துவிட்டதால் பலமும் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். தென்னை மரம் வளர்ந்துவிட்டது என்பதற்காக அன்றே காய் பறிக்க ஏறுகிற மாதிரி.

இந்த விஷயத்தில் எங்கள் வடசென்னைக்கு ஒரு சம்பந்தம் உண்டு. 1946இல் மம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. அந்தக் கம்பெனி 1987இல் வேகப்பந்து வீச்சுக்கென்றே சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளி வைத்து, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைக் கூட்டி வந்தது. லில்லி யார்? 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகெலும்பு விரிசல் கண்டு, மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்து, ஓட்டத்தையும் கை வீச்சையும் அடியிலிருந்து திருத்திக்கொண்டு திரும்பி வந்தவர். முதுகு ஒடிந்தவனையே முதுகுக்கு வாத்தியாராக வைத்தது நல்ல யோசனை.

ஆனால் அந்தப் பள்ளியின் கதையிலும் அவசரம் நுழைந்தது. விவேக் ராஸ்தான் என்ற பையன், முதல்தர ஆட்டம் இரண்டே ஆடிய நிலையில், 1989இல் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். இரண்டாவது டெஸ்டிலேயே, ஸியால்கோட்டில், 79க்கு 5 விக்கெட் எடுத்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட்! ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏற்றினார்கள், ஏன் அதைவிடச் சீக்கிரம் இறக்கினார்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்ட விமர்சனம் என் கண்ணில் படவில்லை. அதே பள்ளியில் பயின்ற ஸ்ரீநாத் 1991இல் இருபத்திரண்டு வயதில் டெஸ்டுக்கு வந்தார்; ஆனால் சொந்த மண்ணில் முதல் டெஸ்ட் ஆட 1994 கடைசிவரை காத்திருந்தார். நல்ல வேகம் இருந்த மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து கழிந்தது. அவர் எடுத்த விக்கெட் 236. இன்னும் எத்தனை எடுத்திருப்பார் என்று நான் ஜோஸ்யம் சொல்லப் போவதில்லை.

காக்க வைப்பதும் ஒரு பாவம்தான். நம் வி. வி. குமார் இருபத்தைந்து வயதில், 1961இல், டில்லியில் முதல் டெஸ்ட் ஆடி, முதல் இன்னிங்ஸிலேயே 64க்கு 5 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்டில் விக்கெட் இல்லை. அத்துடன் சரி. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 599 விக்கெட். அந்த அறுநூறாவது விக்கெட் என்னை ராத்திரிகளில் தொந்தரவு செய்திருக்கிறது. அஸ்வினும் இருபத்தைந்தில்தான், 2011இல், டெஸ்டுக்கு வந்தார். 537 விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். ஆகவே, வயதை வைத்துச் சூத்திரம் எழுத முடியாது.

அஸ்வின் வந்த அதே 2011 நவம்பரில், ஜோஹானஸ்பர்கில் ஆஸ்திரேலியாவுக்காகப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது இன்னிங்ஸில் 79க்கு 6 விக்கெட் எடுத்து, வெற்றிக்கான ஓட்டத்தையும் தானே அடித்தான். பாட் கம்மின்ஸ். பின்னாலேயே காயங்கள் வந்தன. முதுகு திரும்பத் திரும்ப மக்கர் செய்தது. அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், நம் ராஞ்சியில். ஐந்து வருஷத்துக்கு மேல்! பதினெட்டு வயதில் ஏற்றியது தவறு என்றுதான் நான் சொல்வேன். ஆனால் ஏற்றியவர்கள் அந்தத் தவறுக்கு ஐந்து வருஷம் வட்டி கட்டினார்கள். கைவிடவில்லை. அவர் பிறகு அந்த அணிக்கே தலைவரானார்.

அமெரிக்கர்கள் ஆடுகிற பேஸ்பாலில் பந்து எறிகிறவன் பாடு இன்னும் கடுமை. அவனுக்குத் தோளும் முழங்கையும் போகும். ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு: பெரிய லீகுக்குக் கீழே படிப்படியாகச் சின்ன லீகுகள். ஏறலாம், சரியில்லை என்றால் ஒரு படி இறங்கித் திருத்திக்கொண்டு மறுபடி ஏறலாம். இறங்குவது அவமானமில்லை. அந்தப் படிக்கட்டைத் தாண்டிக் குதிக்க வைக்கப்பட்ட ஒரு பையனையும் அவர்கள் மறக்கவில்லை. டேவிட் கிளைட், டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அணி, 1973 ஜூன். பதினெட்டு வயது. பள்ளிக்கூட ஆட்டத்திலிருந்து நேரே பெரிய மைதானத்துக்கு. கூட்டமில்லாமல் காற்று வாங்கிக்கொண்டிருந்த அணி. அன்று 35,000 பேருக்குமேல் டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு ஆட்டம் ஆடவிட்டுக் கீழே அனுப்புவதாகத்தான் பேச்சு. டிக்கெட் விற்கிறதைப் பார்த்த முதலாளிக்கு மனசு வரவில்லை. வைத்துக்கொண்டார். தோள் கெட்டது, இருபத்து நாலு வயதில் பெரிய லீகில் அவர் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தது 18, தோற்றது 33.

எழுத்திலும் இதுண்டு. என் முதல் நாவலை இருபத்திரண்டு வயதில் ஒருவர் அவசரப்பட்டுப் போட்டுவிட்டார். இன்றைக்கும் பழைய புத்தகக் கடையில் அதைக் கண்டால் வாங்கி வந்து பரணில் போட்டுவிடுகிறேன். எழுத்தாளனுக்கு அந்த வசதி இருக்கிறது. எலும்பு ஒடிவதில்லை.

பந்து போடுகிறவனுக்கு ஒடியும். எங்கள் தெருவிலேயே நான் பார்த்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முந்தி, பதினேழு வயதில் ஒரு கம்பெனி டீமில் சேர்ந்தான் ஒருவன். வேலை தருவதாகச் சொன்னார்கள். வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவனே போட்டான். காப்டனுக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. மழைக்காலம் வருவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. வேலையும் வரவில்லை. இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மூட்டை இறக்க மட்டும் இன்னொருவரைக் கூப்பிடுவான். அப்போதும் அவன் அப்பா என்னிடம்தான் வந்து கேட்டார். "நல்ல சந்தர்ப்பம், அனுப்புங்கள்" என்று அட்டகாசமாகச் சொன்னவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை கிரேன்காரர் மறுபடி வந்தார். நான் பதிலைச் சொல்லாமல் கேள்விகளைச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போடச் சொல்வார்கள்? ஆட்டமில்லாத நாளில் பயிற்சி என்று சொல்லி இன்னும் எத்தனை? முதுகு வலிக்கிறது என்று பையன் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் உட்கார வைப்பார்களா? இரண்டு ஆட்டத்தில் அடி வாங்கினால் பழைய டீமுக்கே திரும்பி வந்து ஆட விடுவார்களா, இல்லை, வருஷம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் தூக்க வைப்பார்களா? அங்கே வயசான பௌலர் ஒருத்தராவது இருக்கிறாரா?

அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

"இத்தையெல்லாம் கேட்டா வேணாம்னுடுவாங்களே சார்."

"சொன்னால் சொல்லட்டும்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தெருவில் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் பையன் கண்டெய்னர் லாரி ஒன்று போகட்டும் என்று ஓட்டத்தின் நடுவில் நின்று, மறுபடி அடி அளந்து பின்னால் போனான்.

"ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடு சார்" என்றார். "எனக்கு அங்க போனா மறந்துடும்."

எழுதிக் கொடுத்தேன்.