நீச்சல் குளத்துக்கு எந்தக் குளோரின்?

பட்டு நூலைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்தால் நைந்துபோகும். தாராசுரத்துச் சாயப்பட்டறைகளில் இது பாலபாடம். பட்டு என்பது புரதம். அந்தப் பவுடரில் உள்ள குளோரின் புரதத்தைச் சிதைத்துவிடும். தண்ணீரில் கிருமிகளை அது கொல்வதற்கும் இந்தக் குணம்தான் காரணம். அளவு மீறினால் நம் கண்ணையும் தோலையும் விட்டுவைக்காது.

2024இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா சிறுவர்களின் உயிரைப் பறித்தபோது, தமிழகச் சுகாதாரத் துறையும் நீச்சல் குளங்களில் முறையாகக் குளோரின் போடச் சொன்னது. எதைப் போடுவது? ஊருக்குப் பக்கத்தில் கூரையில்லாத ஒரு சிறு குளத்தில் பிளீச்சிங் பவுடர், டிசிசிஏ டேப்ளட், சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்ற மூன்று சரக்குகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். போர் தண்ணீர், 50,000 லிட்டர் கொள்ளளவு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் ஏற 50 கிராம் குளோரின் தேவை. 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தால் போதும்.

பிளீச்சிங் பவுடர் என்றால் அந்த 50 கிராம் குளோரினுக்கு 150 கிராம் பிடிக்கும். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றியும் தரையில் வெள்ளைப் படிவு தங்கியது. ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொண்டது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றில் போட அருமையான சரக்கு. நீச்சல் குளத்துக்கு வேண்டாம்.

டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) டேப்ளட் வேலையை மிச்சப்படுத்துகிறது. மிதவைக்குள் போட்டுவிட்டால் மெல்ல மெல்லக் கரைகிறது; 55 கிராமே போதும். ஆனால் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இறங்குகிறது. குளோரினை வெயிலிலிருந்து காப்பது அதுதான், ஓரளவு வரை நல்லது. அது ஆவியாகாது, அழியாது. தினம் 2 மில்லிகிராம் குளோரின் இந்த வழியில் ஏற்றினால், தண்ணீர் மாற்றாத குளத்தில் மூன்று மாதத்துக்குள் சயனூரிக் அமிலம் 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அப்புறம் சோதனையில் குளோரின் இருக்கிறது என்று காட்டும், கிருமி சாவது மட்டும் மந்தமாகிவிடும். பாதித் தண்ணீரையாவது இறைத்துக் கொட்டியாக வேண்டும். கோடையில் அது எவ்வளவு பெரிய வீண்!

என் ஓட்டு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு. 10 சதவீதச் சரக்கில் அரை லிட்டர். படிவு இல்லை. பகலில் ஊற்றினால் வெயில் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஒன்றரைக் கிலோ சயனூரிக் அமிலம் கரைத்துவிட்டால் பகலிலும் தாங்கும். கேனை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். சிறிது சிறிதாக, புதுச் சரக்காக வாங்குங்கள்.

எதைப் போட்டாலும் பி.எச். 7.2 முதல் 7.6க்குள் நிற்க வேண்டும். 8ஐத் தொட்டால் குளோரினில் கால் பங்குகூட வீரியமாக இருக்காது. குளோரினைச் சோதிக்க, மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். வீரியமுள்ள குளோரினைத் தனியாக அறிய, இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி மாத்திரையை வாங்குங்கள். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை சுத்தத்தின் அடையாளமும் அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து கிளம்பும் வாடை அது.

பம்பு ரூமில் டேப்ளட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மக்கில் அளக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பி.எச். குறைக்க வைத்திருக்கும் ஆசிட் கேனும் ஹைப்போ கேனும் வேறு வேறு அறையில் இருக்கட்டும். சேர்ந்தால் வருவது குளோரின் வாயு.